சனிக்கிழமைகளில் காலியான இன்பாக்ஸ்

ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு அந்த வயதாகவில்லை. இரண்டாவது குழந்தை வரப்போகிறது, வேலையை விடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இந்த ஒரே நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நாளை முதல் இதில் மாறி மாறி உட்காரப்போகிற உங்கள் இருவருக்கும் இன்வாய்ஸ் அடிப்பதையோ மெயில் அனுப்புவதையோ நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. என்றாவது ஒரு நாள் இந்த ஆபீசில் ஏதாவது காணாமல் போகும். யார் எடுத்திருப்பார்கள் என்று எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நாளுக்காக எழுதுகிறேன்.

எழுதலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "எழுதும்மா. என்னப் பத்தி ரொம்ப எழுதாத" என்றார். முடிந்தவரை குறைத்திருக்கிறேன்.

இப்போது ப்ராட்பேண்ட் வந்துவிட்டது, நாள் முழுக்க நெட் இருக்கிறது. என் மூத்தவள் மீனு இடுப்பில் உட்காரும் வயதில் இருந்தபோது அப்படியில்லை. ஆபீசுக்கு ஒரே ஒரு போன் லைன். நெட் வேண்டுமென்றால் அந்த லைனில்தான் டயல் செய்ய வேண்டும். நெட் ஓடினால் போன் வராது. போன் பேசினால் நெட் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மெயிலுக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்ளும் கணக்கு ஒன்றுதான் கம்பெனிக்கு. அதை ஒவ்வொரு முறையும் வெப்சைட்டில் போய்ப் பார்த்தால் போன் பில் ஏறும் என்று, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு மெயில் புரோகிராம் போட்டிருந்தார்கள். அது சர்வருக்குப் போய், வந்த மெயிலை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து இங்கே வைத்துவிடும். நெட்டை நிறுத்திவிட்டு நிதானமாகப் படிக்கலாம். அதில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் அள்ளி வருவதோடு சர்வரிலும் ஒரு பிரதியை விட்டுவைக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் டிக் இருந்தது. அதனால் பிரவுசிங் சென்டரில் போய்த் திறந்தாலும் எல்லா மெயிலும் அங்கே அப்படியே இருக்கும்.

பாஸ்வேர்டு மூன்று பேருக்குத் தெரியும். முதலாளி, நான், ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர் குமரன் அண்ணா. முதலாளிக்குக் கம்ப்யூட்டரைத் தொடுவதே பிடிக்காது. அதனால் நாங்கள் இரண்டு பேர்தான் கணக்கில் வருவோம்.

முதலாளிக்கு ஒரு பழக்கம், இன்றும் உண்டு. ராகு காலத்தில் புதிதாக எதையும் திறக்க மாட்டார். செக் கிழிக்க மாட்டார், லோடு அனுப்ப மாட்டார். நெட் வந்ததும் அதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். ஆபீஸ் திறப்பதே ஒன்பது மணிக்கு. எனவே சனிக்கிழமை பத்தரை வரை மோடத்தை யாரும் தொடக்கூடாது. மற்ற நாட்களில் வந்தவுடன் டயல் செய்துவிடுவேன், அவரும் ஒன்றும் சொன்னதில்லை.

மெயில்கள் காணாமல் போக ஆரம்பித்தது சனிக்கிழமைகளில்தான்.

ஜெர்மனியில் எங்களிடம் குழாய்களை இணைக்கிற ஃபிளாஞ்ச் வாங்குகிற ஒருவர் இருந்தார். வாரக் கடைசிக்கு முன் மேசையைக் காலி செய்துவிட்டுப் போகிற மனிதர். வெள்ளிக்கிழமை நாங்கள் கதவைச் சாத்திய பிறகுதான் அவருடைய மெயில் வரும். ஒரு திங்கட்கிழமை அவரே போன் செய்தார். திருத்திய டிராயிங் அனுப்பினேனே, ஏன் பதில் இல்லை என்றார். அப்படி ஒன்று வரவே இல்லை. வெப்சைட்டில் போய்ப் பார்த்தேன். அந்த மெயில் மட்டுமல்ல, பழைய மெயில்களும் இல்லை. இன்பாக்ஸ் துடைத்து வைத்ததுபோல இருந்தது. இதற்குள் பழைய அளவில் ஒரு பேட்ச் ஓடி முடிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் அதேதான். அதற்கடுத்ததும்.

எங்கள் கம்ப்யூட்டர் பிரதி விட்டுத்தான் எடுக்கிறது. அப்படியிருக்க சர்வரில் காலியென்றால், யாரோ பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்து, படித்துவிட்டு, அழிக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது. முதலாளிக்கும் அப்படியே. நானே அழித்துவிட்டேனோ என்றும் ஒரு பயம். மீனுவுக்கு அப்போது அடிக்கடி காய்ச்சல் வரும். வீட்டிலிருந்து மாமியார் போன் செய்தால் என் கை எதை அழுத்துகிறது என்றே தெரியாது. அதனால் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு க்ளிக்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். பக்கத்தில் நின்று பார்த்த குமரன் அண்ணா, "என்ன சிஸ்டர், மந்திரமா?" என்று கேட்டார்.

அவர் அப்படிப் பக்கத்தில் வந்து நிற்பதே எனக்கு இடித்தது. முன்பெல்லாம் அவர் ஆபீஸ் அறைக்குள் டீ நேரத்தில் மட்டும்தான் வருவார். இப்போது சனிக்கிழமை பத்தரை அடித்தால் மானிட்டருக்குப் பின்னால் நிற்கிறார். அவருடைய மச்சான் இதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரண்டு தெரு தள்ளி, இதே ஃபிளாஞ்ச் வேலை செய்கிற யூனிட்டில் இருக்கிறார். போதாததற்கு ஒரு சனிக்கிழமை காலை, மீனுவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகும்போது, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அவர் இறங்கி வருவதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

யாரிடம் என்ன கேள்விப்பட்டாரோ, ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி கேட்டார். "குமரனத் தாம்பரத்துல எங்கயாவது பாத்தியாம்மா?"

பார்த்தது பார்த்ததுதானே. சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை அவனை அனுப்பிவிடலாம், ஒரு கடிதம் அடித்து வை, நீ பார்த்ததையும் அதில் ஒரு வரி சேர்த்துக்கொள் என்றார். நான் சொன்னது ஒரே வாக்கியம். அது ஒருவருடைய வேலையைப் பறிக்கிற வரியாகிவிட்டது. குமரன் அண்ணாவுக்கு முடிச்சூரில் பாதி எழும்பிய வீடு. பத்தாவது படிக்கிற பையன். மெஷின் ஓட்டிய இருபது வருடத்துக்குக் கடைசியில் டிராயிங் திருடியவன் என்ற பெயரோடு வெளியே போனால் இந்த எஸ்டேட்டில் எவன் உள்ளே விடுவான்?

கடிதத்தில் தேதியும் அவர் பெயரும் மட்டும் அடித்தேன். மீதியைத் திங்கள் காலை முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது என் புத்தி இரண்டு பக்கமும் ஓடியது. அவர்தான் என்றால் நான் ஏன் தயங்க வேண்டும்? அவர் இல்லையென்றால் அடுத்து மிஞ்சுவது யார்? பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருத்தி நான்தான். அவரைக் காப்பாற்றப் போய் நான் மாட்டிக்கொள்வேனோ? எனக்கும் இந்த வேலை வேண்டும். நல்லெண்ணத்தால் மட்டும் நான் மறுநாள் கிளம்பவில்லை, பயமும்தான் கிளப்பியது.

சனிக்கிழமை காலை, ஆபீசுக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்ததால் குழந்தையை விட்டுவர முடியவில்லை. கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, கொய்ந்தைய கீபோர்டு மேல வுடாதீங்க. அப்பால எனக்குத்தான் பேஜார்."

வாசல் ஓரத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பக்கத்திலேயே காசு போட்டுப் பேசுகிற ஒரு ரூபாய் போன் இருந்தது. கம்பெனி மெயிலைத் திறந்தேன். அந்த வாரத்து மெயில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேலே புதிதாக இரண்டு. ஒன்று, பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியிடமிருந்து பெரிய ஆர்டர் விசாரணை, ரகசிய விலை கேட்டு. மற்றொன்று குமரன் அண்ணாவின் சொந்த மெயிலிலிருந்து, கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் வந்தது. தலைப்பு 'டெஸ்ட்'. உள்ளே ஒன்றுமே இல்லை.

எதை டெஸ்ட் செய்கிறார்? உள்ளே வர வழி இருக்கிறதா என்றா?

நானும் என் சொந்த மெயிலிலிருந்து 'சோதனை' என்று ஒன்று அனுப்பினேன். அதுவும் வந்து சேர்ந்தது. ஒன்பது மணி தாண்டியதும் ஆபீசுக்குப் போன் போட்டேன். என் யோசனை இதுதான். குமரன் அண்ணாவைப் போனில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மெயில் மறைந்தால் அது அவர் இல்லை. அவர் பேசும் வரை எதுவும் ஆகாமல், வைத்த பிறகு மறைந்தால், கடிதத்தை அடித்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"அண்ணா, அந்த ஜெர்மன் ஃபிளாஞ்ச் போல்ட் ஹோல் அளவு என்ன?"

"போன வாரம் நீங்கதான சிஸ்டர் டைப் பண்ணீங்க?"

"மறந்துபோச்சுண்ணா."

நான் எதையும் மறக்கிற ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். "இருங்க, டிராயிங் எடுத்துட்டு வர்றேன்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் நினைத்ததெல்லாம் போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. ஆள் போனில் இல்லையே. தோளில் ரிசீவர், இடுப்பில் மீனு, அவள் கைக்கு எட்டாதபடி மவுஸ். இன்னொரு காசைப் போட்டேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். எல்லாம் இருந்தது. மறுபடி புதுப்பித்தேன்.

ஒன்றுமில்லை. இன்பாக்ஸ் வெறுமையாக இருந்தது. ஆர்டர் விசாரணை இல்லை, டெஸ்ட் இல்லை, சோதனை இல்லை.

காதில் லேத் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஆள் போனில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆபீசின் ஒரே லைன் என் காதில் இருக்கிறது. அங்கே யார் நினைத்தாலும் இந்த நேரத்தில் நெட் போட முடியாது. இதைச் செய்தது ஆபீசுக்கு வெளியே இருக்கிற யாரோ.

குமரன் அண்ணா திரும்பி வந்து அளவைப் படித்தார். நன்றி சொல்லி வைத்தேன்.

அவர் இல்லை, நான் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர்தான். நினைக்கவே பயமாக இருந்தது. மீனு சிணுங்க ஆரம்பித்தாள். கடைக்காரர் அவளுக்கு ஒரு பழைய மவுஸைக் கொடுத்து, வால் பிடித்து இழுத்து விளையாட விட்டார்.

முதலாளியின் பெருங்களத்தூர் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். எங்கேஜ்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. சனிக்கிழமை காலையில், ராகு காலத்தில், அந்த வீட்டில் யார் இவ்வளவு நேரம் பேசுகிறார்கள்? யாரும் பேசவில்லை என்றால்?

கடைசியில் மணி அடித்தது. எடுத்தது அவர் மகள் திவ்யா. வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் வெள்ளிக்கிழமை இரவுகளில் வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தாள்.

"அப்பா ஃபேக்டரிக்குக் கிளம்பிட்டாரு ஆன்ட்டி. ஸாரி, நெட்ல இருந்தேன்."

என் குரல் சாதாரணமாக இருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டு கேட்டேன். "நீ மெயில் எப்படிம்மா பாக்குற? வெப்சைட்லயா, புரோகிராம்லயா?"

"புரோகிராம்லதான். தீபாவளி லீவுல வந்தப்ப அப்பா கம்பெனி மெயிலயும் அதுலயே போட்டுக் குடுத்தேன், வீட்டுலயே பாக்கட்டும்னு. அவர் தொறந்தே பாக்கல ஆன்ட்டி. படிக்காதது நெறய கெடக்கு."

அவள் தன் மெயிலுக்காக ஒரு பொத்தானை அழுத்துவாள். புரோகிராம் இரண்டு கணக்குகளையும் சேர்த்து அள்ளிவரும். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில், பிரதி விட்டுவைக்கிற கட்டத்தில் டிக் இல்லை. எங்கள் அத்தனை மெயிலும் பெருங்களத்தூரில் போய் உட்கார்ந்திருந்தது. ஆபீஸ் ஒன்பது மணிக்கே டயல் செய்திருந்தால் நாங்கள் முந்தியிருப்போம். ராகு காலம் எங்களை உட்கார வைத்தது, அவருடைய வீட்டிலேயே அதை யாரும் பார்க்கவில்லை.

எதையும் அழிக்காதே, மறுபடி டயல் செய்யாதே என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. முதலாளியின் செல்லுக்கு அடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால், அவர் வீட்டுக்குத் திரும்பி, மகளைத் திட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, திங்கட்கிழமை ஒன்றும் நடக்காததுபோல வருவார் என்று எனக்குத் தோன்றியது. அவரையும் சந்தேகப்பட்டேன், மறைப்பானேன். குமரன் அண்ணா மேல் இருந்த கறை அப்படியே நின்றுவிடும். அதனால் குழந்தையோடு நேராக ஆபீசுக்குப் போனேன். குமரன் அண்ணா அறைக்குள் வரும்வரை காத்திருந்தேன்.

"சார், ஜெர்மனி மெயிலெல்லாம் பத்திரமா இருக்கு. உங்க வீட்டுல இருக்கு."

"என் வீட்லயா? யார் கொண்டுவந்து வெச்சா?"

அந்த நேரத்திலும் யார் என்றுதான் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் என்னிடமிருந்து ஜன்னலுக்குப் போய்விட்டது. டிராயிங்கைப் படிக்கக் குமரன் அண்ணாவும் வரவேண்டும் சார் என்றேன். அவர் கார் சாவியை எடுத்தார். மூன்று பேரும் மீனுவுமாக அவர் காரில் போனோம். ஜிஎஸ்டி ரோட்டில் வழக்கமான நெரிசல். மீனு மட்டும் ஒவ்வொரு லாரிக்கும் டாட்டா காட்டிக்கொண்டு வந்தாள்.

திவ்யா புரோகிராமில் கம்பெனி மெயில் இருந்த பகுதியைத் திறந்தாள். தடித்த எழுத்தில், படிக்காத மெயில்கள் மளமளவென்று வந்தன. திருத்திய டிராயிங் இருந்தது. குமரன் அண்ணா குனிந்து பார்த்தார். "ஓட்டையப் பெரிசு பண்ணத்தான் சொல்றான். சின்னது பண்ணச் சொல்லியிருந்தா செத்தோம்" என்றார். ஓடி முடிந்த பேட்ச்சை மறுபடி ஏற்றி அளவைக் கூட்டிவிடலாம்.

மிச்சத்தைத் திவ்யா வெகுளியாகத் தலைப்பு தலைப்பாகப் படித்துக்கொண்டே வந்தாள். சோதனை, அனுப்பியவர் நான். டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட், எல்லாம் குமரன் அண்ணா. பிறகு அந்த ரகசிய விலை விசாரணை. "இது நம்ம அம்பத்தூர் மாமா மெயில் ஐடி ஆச்சேப்பா. அவர் எதுக்கு ஃபிளாஞ்ச் கேக்குறாரு?"

முதலாளி இருமினார். மெயிலைத் திருடுகிறவன் பக்கத்து யூனிட்டுக்கு அந்த விசாரணையைக் கொண்டுபோகிறானா என்று பார்க்க, அவரே சொந்தக்காரரை விட்டு அனுப்பியது அது. ஆளாளுக்கு ஒரு பொறி வைத்திருந்தோம். மூன்றும் அவருடைய வீட்டு ஹாலில் வந்து விழுந்திருந்தன. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் காபியையே பார்த்தபடி குடித்தோம்.

திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் இறங்கியதும் குமரன் அண்ணா கேட்டார்.

"காலைல அந்த அளவு உங்களுக்கு மறக்கல, இல்ல?"

"மறக்கலண்ணா. நீங்க எதுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை டெஸ்ட் அனுப்புனீங்க?"

"உங்களப் பிடிக்கத்தான் சிஸ்டர். எட்டு மணிக்குப் பிரவுசிங் சென்டர்ல பாத்தா மெயில் இருக்கும். பத்தரைக்கு நீங்க தொறந்தா இருக்காது. நடுவுல ரூம்ல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். வாய்க்குள்ள வேற என்னமோ சொல்லிக்கினே க்ளிக் பண்றீங்க. நான் வேற என்ன நெனைக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. நானும் உங்களைத்தான் நினைத்தேன் என்று சொன்னேன். அவர் மீனுவின் கன்னத்தைக் கிள்ளி, "உங்கம்மா பெரிய சிஐடி" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். தேதியும் பெயரும் மட்டும் அடித்த அந்தக் கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. முதலாளி கேட்பதற்கு முன் அதை அழித்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. இன்று இதைப் படித்தால் குமரன் அண்ணாவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

முதலாளி மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் டிக் போட வைத்தார். அதோடு நிற்காமல், வீட்டிலும் ராகு காலத்தில் நெட் போடக்கூடாது என்று மகளுக்கு உத்தரவு போட்டார். மெயில் போனதற்கு அதுதான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறார்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானே விட்டபாடில்லை. ஆனால் ஒருவர் பெயரை வாயால் சொல்வதற்கு முன், அவரைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். மாட்டிவைக்கிற சோதனையை எல்லோரும் செய்வார்கள். நாங்கள் மூன்று பேரும் வாரக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். யாராவது ஏதாவது பார்த்தாயா என்று கேட்டால், பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததையும் சேர்த்துச் சொல்லுங்கள். குமரன் அண்ணா படியிறங்கி வந்ததைப் பார்த்தேன். உள்ளே என்ன செய்தார் என்று பார்க்கவில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பாஸ்வேர்டு இன்னும் எனக்குத் தெரியும். நான் கிளம்பின மறுநாளே அதை மாற்றிவிடுங்கள். என்னிடம் சொல்லாதீர்கள், நானே போன் செய்து கேட்டாலும் சொல்லாதீர்கள். நீங்கள் என்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருக்கிற ஒரு சனிக்கிழமை, இங்கே ஏதாவது காணாமல் போகலாம். அப்போது நீங்கள் எண்ணிப் பார்க்கிற பெயர்களில் என்னுடையது இருக்கக்கூடாது.